ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 – ஜூன் 13, 1973) இந்திய மருந்தியல் அறிஞரும், மருத்துவரும், இந்திய மருத்துவப் பணி அதிகாரியும் ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் முதல் மருந்தியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1930–31 ஆம் ஆண்டுகளில் இயங்கிய மருந்து விசாரணைக் குழுவுக்கு இவரே தலைவர். பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கும் மருந்தில் என்ன இருக்கிறது என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும், அதை அரசுக்குச் சொல்ல ஓர் ஆய்வகமும் ஓர் அறிஞர் குழுவும் வேண்டும் என்னும் கருத்து இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றதற்கு அக்குழுவின் அறிக்கையே அடிப்படையாக அமைந்தது.

சோப்ராவின் பெயர் தமிழ்நாட்டில் மருந்தியல் மாணவர்களுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. ஆயினும் ராஜபாளையத்தை அடுத்த ஊர்களில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் வீதிகளில் விற்கப்படும் குங்குமமும், சதுரகிரி மலையடிவாரத்துச் சித்த மருத்துவர்களின் செந்தூரங்களும் இவ்வறிக்கையின் வழிவந்த சட்டத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவை. இத்தொடர்பு இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

சோப்ரா இன்றைய பாக்கிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலா நகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் ரகுநாத் அரசு அலுவலர். குடும்பம் காஷ்மீரோடு தொடர்புடையது. லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்ற பின்னர் 1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டவுனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே இயற்கை அறிவியலும் மருத்துவமும் கற்றார்.

கேம்பிரிட்ஜில் மருந்தியல் அறிஞர் வால்ட்டர் டிக்சனிடம் இவர் பயின்றது இவருடைய வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தது எனலாம். மருந்தியல் அக்காலத்தில் புதிய துறை. ஒரு மருந்து உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் செய்கிறது என்பதை வழக்காற்றின்படி ஏற்காமல் அளந்து பார்ப்பதே அதன் முறை. 1908 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற சோப்ரா, அதே ஆண்டில் இந்திய மருத்துவப் பணித் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றுத் தேறினார். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார்.

கல்கத்தாவில்

1921 ஆம் ஆண்டில், சர் லியோனார்டு ரோஜர்ஸ் முயற்சியால் உருவான கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். உடன் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் மருந்தியல் கற்பித்தார். இந்தியாவில் மருந்தியல் ஆராய்ச்சிக்கெனத் தனி ஆய்வகம் முறையாக வளர்ந்தது இவர் காலத்தில்தான். பின்னர் அப்பள்ளியின் இயக்குநராகவும் உயர்ந்து 1941 வரை பணியாற்றினார்.

நாட்டு மருந்துகளை ஆராய்வதற்குச் சோப்ரா மூன்று நோக்கங்களை வகுத்துக்கொண்டார். மருந்துத் தேவையில் இந்தியா தன்னிறைவு அடைய வேண்டும். ஆயுர்வேதம், யுனானி முதலிய முறைகளில் வழங்கும் மருந்துகளுள் உண்மையில் பயனுள்ளவற்றை மேலை மருத்துவமும் ஏற்கும்படி மெய்ப்பிக்க வேண்டும். ஏழை மக்களுக்கு எட்டும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும். மூன்றாவது நோக்கம் அடிக்கடி மறக்கப்படுகிறது. மருந்துக் கட்டுப்பாடு பற்றிய இவருடைய பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள அதுவே முக்கியமானது. மலிவான மருந்து வேண்டும் என்று விரும்பியவர் இவர். ஆனால் சத்தில்லாத மருந்து மலிவாகாது என்பதையும் அறிந்திருந்தார்.

இவரும் இவருடைய மாணவர்களும் வயிற்றுக்கடுப்புக்கு வழங்கிவந்த குடசப்பாலை, மூக்கிரட்டை, இமயமலைப் பகுதியின் எபிட்ரா, காஷ்மீரில் விளையும் ஆர்ட்டிமிசியா ஆகிய செடிகளின் வேதிப்பொருட்களையும் செயல்களையும் ஆராய்ந்தனர். சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது பற்றிய இவர்களுடைய ஆய்வு 1933 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே வேரிலிருந்து 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. அபின், கஞ்சா ஆகியவற்றின் பழக்கம் பற்றியும் சோப்ரா விரிவாக எழுதியுள்ளார்.

மருந்து விசாரணைக் குழு

1920களில் இந்தியச் சந்தையில் விற்கப்பட்ட மருந்துகளின் தரத்தைச் சோதிக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1878 ஆம் ஆண்டின் அபின் சட்டமும் 1919 ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள் சட்டமும் குறிப்பிட்ட சில பொருட்களை வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தின. சென்னை மாகாணத்தில் 1918 ஆம் ஆண்டு முதல் கலப்படத் தடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் ஒரு மாத்திரையின் மேல் எழுதியுள்ள மருந்து உள்ளே உண்மையில் உள்ளதா என்று கேட்கும் அதிகாரம் படைத்த அலுவலர் எவரும் இல்லை.

பொருட்களில் உள்ள வேதிப்பொருளைச் சட்டத்தால் தடுப்பது இந்தியாவுக்கு முற்றிலும் புதிது என்று சொல்வதற்கில்லை. 1913 ஆம் ஆண்டிலேயே வெண்பாஸ்பரம் கொண்ட தீக்குச்சிகளை அரசு தடை செய்திருந்தது. தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்த நச்சுப்பொருள் அது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது அத்தடை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. ஆனால் அங்கே தடுக்க வேண்டியது ஒரே ஒரு பொருள். மருந்துகளோ ஆயிரக்கணக்கானவை. ஒவ்வொன்றுக்கும் தனித் தரம், தனிச் சோதனை தேவைப்பட்டன. சட்டமன்ற உறுப்பினர்களால் அவற்றை எழுத இயலாது.

கொயினா மாத்திரையே இக்கவலைக்கு முதன்மைக் காரணம். மலேரியாவுக்கு அன்று இருந்த நம்பகமான மருந்து கொயினா மட்டுமே. அரசே வங்காளத்தின் முங்பூவிலும் நீலகிரியின் நடுவட்டத்திலும் சின்கோனாப் பட்டையிலிருந்து அதைத் தயாரித்துவந்தது. அரசின் கொயினா தூயது. கடைகளில் கிடைத்த மாத்திரைகளுள் பலவற்றில் சொல்லப்பட்ட அளவு கொயினா இல்லை. மலேரியாக் காய்ச்சலில் குறைந்த அளவு கொயினா கொடுப்பது நோயாளியை மருந்தின்றி விட்டதற்கு ஒப்பாகும். காய்ச்சல் திரும்ப வரும், மருத்துவர் மருந்தைக் குறை சொல்லாமல் நோயைக் குறை சொல்வார். வெளிநாடுகளில் தரக்குறைவென ஒதுக்கப்பட்டவை இந்தியத் துறைமுகங்களில் இறக்கப்படுகின்றன என்னும் புகாரும் இருந்தது.

1927 ஆம் ஆண்டில் மத்திய மாநில அவையில் இதுபற்றித் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. 1930 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசு மருந்து விசாரணைக் குழுவை நியமித்து, சோப்ராவைத் தலைவராக்கியது. இதனால் இக்குழு சோப்ரா குழு என்றே பெயர் பெற்றது. பம்பாயில் மருந்தியல் ஆய்வு செய்துவந்த இயேசு சபைத் துறவி கெய்யஸ் உறுப்பினர்களுள் ஒருவர். குழு தன் அறிக்கையை 1931 ஆம் ஆண்டில் அளித்தது.

கலப்படம் செய்பவரைத் தண்டிக்க வேண்டும் என்பதோடு அறிக்கை நின்றுவிடவில்லை. அதன் சிறப்பும் இதுவே. மருந்துகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்றது. மத்தியில் தகுதியுள்ள வல்லுநர்கள் கொண்ட ஓர் ஆய்வகமும் மாகாணங்களில் அதைச் சார்ந்த ஆய்வகங்களும் அமைக்கப்பட வேண்டும் என்றது. விதிகளை வகுப்பதில் அரசுக்குத் துணைபுரிய ஓர் ஆலோசனை வாரியம் தேவை என்றது. மருந்து கலந்து கொடுப்பவருக்குக் கல்வித் தகுதி வேண்டும், அவர்களைப் பதிவு செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்றது. இரகசியக் கலவை மருந்துகளும் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும் என்றும், இந்தியாவுக்கெனத் தனி மருந்துத் தரநூல் தேவை என்றும் பரிந்துரைத்தது.

இவை தனித்தனிப் பரிந்துரைகள் போலத் தோன்றினாலும் ஒன்றில்லாமல் மற்றொன்று இயங்காது. தரநூல் இல்லையேல் ஆய்வகம் எதனோடு ஒப்பிடும்? ஆய்வகம் இல்லையேல் அலுவலர் கைப்பற்றிய மாத்திரை நீதிமன்றத்தில் வெறும் சந்தேகமே. வாரியம் இல்லையேல், புதிய மருந்து வரும்போதெல்லாம் சட்டமன்றம் கூடவேண்டி வரும்.

அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையில்

அறிக்கை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சட்டமாகாமல் கிடந்தது. அலட்சியம் ஒரு காரணம். அரசியலமைப்புச் சிக்கல் மற்றொரு காரணம். மருந்துக் கட்டுப்பாடு மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய அரசு தன் கையில் இருந்த இறக்குமதியை மட்டும் கட்டுப்படுத்தும் நோக்கில் 1937 ஆம் ஆண்டில் மருந்து இறக்குமதி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த தெரிவுக் குழு, உள்நாட்டுத் தயாரிப்பையும் விற்பனையையும் விட்டுவிட்டு இறக்குமதியை மட்டும் கட்டுப்படுத்துவதில் பயனில்லை எனக் கருதியது. பின்னர், 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 103 ஆம் பிரிவின் கீழ் மாகாணச் சட்டமன்றங்கள் தத்தம் அதிகாரத்தை மத்திக்கு அளித்துத் தீர்மானம் நிறைவேற்றின. அவ்வாறே 1940 ஏப்ரலில் மருந்துகள் சட்டம் பிறந்தது.

சட்டத்துக்காகக் காத்திராமல் ஆய்வகம் மட்டும் முன்னதாகவே தொடங்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டில் கல்கத்தாவில், அனைத்திந்தியச் சுகாதாரம் மற்றும் பொது உடல்நல நிறுவனத்தில், உயிர்வேதித் தரப்படுத்தல் ஆய்வகம் நிறுவப்பட்டது. சோப்ரா அதன் முதல் இயக்குநர். அதுவே பின்னாளில் மைய மருந்து ஆய்வகமாக வளர்ந்தது.

சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் அதற்கான விதிகள் 1945 டிசம்பரில்தான் வெளிவந்தன. இறக்குமதி பற்றிய பகுதி 1947 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆக, அறிக்கைக்கும் நடைமுறைக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்தன. இதே இடைவெளியில், 1937 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த சல்ஃபானிலமைடு நீர்மத்தால் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நாடு மறு ஆண்டே புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் அறிக்கை முன்னரே இருந்தது; அவசரம் இருக்கவில்லை.

ஆலோசனை வாரியம்

1940 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் அமைந்தது. சோப்ரா குழுவின் பரிந்துரைகளுள் இதுவே நீண்டகாலம் விவாதத்துக்கு உள்ளாகிவருவது. பொதுச் சுகாதாரத் தலைமை இயக்குநர் இதன் தலைவர். மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர், மைய மருந்து ஆய்வகம் முதலிய நிறுவனங்களின் இயக்குநர்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், அரசு பகுப்பாய்வாளர்கள், மருத்துவர் சங்கமும் மருந்தாளுநர் சங்கமும் தேர்ந்தெடுப்பவர்கள், மருந்தியல் அறிஞர் ஒருவர், மருந்துத் தொழில்துறையிலிருந்து ஒருவர் என உறுப்பினர்கள் அமைகின்றனர். மருந்தை வாங்கி உண்பவர்களின் சார்பாளர் என ஒருவரும் இப்பிரிவில் இல்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் நுகர்வோர் என்ற சொல்லே அரசு ஏடுகளில் அரிது என்று சமாதானம் சொல்லலாம்; பின்னர் பலமுறை திருத்தப்பட்டபோதும் இக்குறை நீங்கவில்லை.

மத்திய அரசு விதிகளை வகுக்கும் முன்னர் வாரியத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். அவசரத்தில் கலந்தாலோசிக்காமல் விதி செய்ய நேர்ந்தால், ஆறு மாதங்களுக்குள் வாரியத்தின் கருத்தைப் பெற வேண்டும். மாநிலங்களிடையே நடைமுறை ஒத்திருப்பதற்காக மருந்துக் கலந்தாய்வுக் குழு என்னும் வேறொரு குழுவும் உண்டு. வாரியத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. அது சொல்லும்; அரசு செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இந்த எல்லை எதுவரை என்பது நெடுங்காலம் கழித்து நீதிமன்றத்துக்குச் சென்றது. 2016 மார்ச்சில் மத்திய அரசு, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்த 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வாரியத்தைக் கேட்காமல் செய்தது தவறு எனக் கூறி தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தடையை நீக்கியது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பொதுநலன் கருதித் தடை செய்யும் பிரிவின் கீழ் வாரியத்தைக் கேட்பது கட்டாயமன்று எனக் கூறிய போதிலும், அம்மருந்துகளை வாரியமே மீண்டும் ஆராயட்டும் எனப் பணித்தது. வாரியத்தின் ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. சட்டத்தில் கட்டாயமில்லாத இடத்திலும் அறிஞர் குழுவின் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இவ்வழக்கு சான்றாகக் காட்டப்படுகிறது.

நாட்டு மருத்துவக் குழு

1944 ஆம் ஆண்டில் இந்திய அரசு, பிரித்தானிய மருந்துத் தரநூலில் இல்லாத, ஆனால் இந்தியாவில் வழங்கும் பயனுள்ள மருந்துகளின் பட்டியலைத் தயாரிக்குமாறு ஆலோசனை வாரியத்தைக் கேட்டுக்கொண்டது. இதற்கான குழுவுக்கும் சோப்ராவே தலைவர். அப்பட்டியல் 1946 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவின் முதல் முழுமையான மருந்துத் தரநூல் 1955 ஆம் ஆண்டில் வெளியாவதற்கு அது முன்னோடியாயிற்று. மருந்தாளுநர் கல்வி பற்றிய 1931 பரிந்துரை 1948 ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டமாக நிறைவேறியது.

1946 இறுதியில் அரசு நியமித்த நாட்டு மருத்துவ முறைகள் பற்றிய குழுவுக்கும் இவர் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத்தில் இத்தகைய விசாரணை புதிதன்று. முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923 ஆம் ஆண்டிலேயே சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை பற்றி அறிக்கை அளித்திருந்தது. சோப்ரா குழுவின் 1948 ஆம் ஆண்டு அறிக்கை, மேலை மருத்துவமும் நாட்டு மருத்துவமும் ஒன்றாக இணைய வேண்டும், கல்வியும் இணைந்தே நடைபெற வேண்டும் என்றது. இரு தரப்பிலும் இக்கருத்துக்கு எதிர்ப்பு இருந்தது. இணைப்புப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. அளந்து பார்த்து மெய்ப்பிக்கப்படுவதே மருந்து என்னும் மருந்தியலாளரின் பார்வையில் இணைப்பு எளிதாகத் தோன்றியிருக்கலாம். உடலையும் நோயையும் வேறு விதமாகக் காணும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு அது தங்கள் முறையைக் கரைத்துவிடுவதாகத் தோன்றியது.

பிற்காலமும் சிறப்புகளும்

கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்ற சோப்ரா, காஷ்மீர் அரசின் மருத்துவப் பணிகளுக்குப் பொறுப்பேற்றார். ஜம்முவில் மருந்து ஆராய்ச்சி ஆய்வகத்தை வளர்த்தெடுத்தார். அந்த ஆய்வகம் 1957 ஆம் ஆண்டில் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் வந்தது. இன்று இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.

1941 ஆம் ஆண்டில் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் முன்னோடி அமைப்புக்கு 1939–40 ஆண்டுகளில் தலைவராக இருந்தார். 1948 ஆம் ஆண்டில் பாட்னாவில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இவர் எழுதிய நூல்களுள் இந்தியாவின் நாட்டு மருந்துகளைப் பற்றிய 1933 ஆம் ஆண்டு நூலும், நாயர், ஐ. சி. சோப்ரா ஆகியோருடன் தொகுத்த இந்திய மூலிகைச் சொல்லடைவும் (1956) இன்றும் எடுத்தாளப்படுகின்றன. இவர் 1973 ஜூன் 13 அன்று தம் 90 ஆம் வயதில் காலமானார். 1983 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

தென்தமிழ்நாட்டில் சட்டத்தின் தாக்கம்

சோப்ரா குழு மருந்துகளை மட்டுமே ஆராய்ந்தது. அதன் வழிவந்த சட்டமோ காலப்போக்கில் விரிந்து, வீடுகளில் அன்றாடம் புழங்கும் பல பொருட்களைத் தன்னுள் கொண்டுவந்தது. இதை விளக்க விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஆகிய ஊர்கள் மருத்துவமனைகளில் பயன்படும் பேண்டேஜ், காஸ் துணிகளுக்குப் பெயர் பெற்றவை. விசைத்தறியின் ஓசை கேட்காத தெரு அங்கு அரிது. இத்துணிகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. துணி எவ்வாறு மருந்தாகும் என்னும் ஐயம் இயல்பானது. உச்ச நீதிமன்றம் வரை அது எழுப்பவும் பட்டது. பம்பாயில் உரிமமின்றித் தயாரிக்கப்பட்ட பஞ்சு, பேண்டேஜ், காஸ் ஆகியவை பற்றிய வழக்கில், 1962 ஆம் ஆண்டில் நீதிமன்றம் இவை சட்டம் கூறும் மருந்து என்னும் சொல்லுக்குள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. மருந்து விதிகளின் இணைப்புப் பட்டியல் ஒன்றில் இத்துணிகளுக்கான தரங்கள் தனியே வகுக்கப்பட்டன.

இத்தரங்கள் காரணமின்றி வந்தவையல்ல. தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியில், பாவு நூல் அறாமலிருக்கப் போட்ட கஞ்சிப் பசை இருக்கும். பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். இவை நீங்காவிட்டால் துணி நீரை உறிஞ்சாது, புண்ணில் சுரக்கும் நீரையும் உறிஞ்சாது. ஆகவே துணியைக் காரத்தில் வேகவைத்து வெளுக்கிறார்கள். வெளுப்பு வேதிப்பொருள் சரியாகக் கழுவப்படாவிட்டால், மீந்த காரமோ அமிலமோ புண்ணை எரிக்கும். இழை எண்ணிக்கையைக் குறைத்து நெய்தால் துணி மலிவாகும், பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் கட்டு நெகிழும். எனவேதான் குறிப்பிட்ட அளவில் பாவிலும் ஊடையிலும் எத்தனை இழை, சதுர மீட்டருக்கு என்ன எடை, அமிலமோ காரமோ உண்டா, பசை எஞ்சியுள்ளதா, உறிஞ்சும் வகைகள் எத்தனை நொடியில் நீரில் அமிழ்கின்றன என்றெல்லாம் சோதிக்கப்படுகிறது. கொயினா மாத்திரைக்குக் கேட்கப்பட்ட அதே கேள்விதான் இங்கும்: மேலே எழுதியது உள்ளே உள்ளதா? 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பேண்டேஜ் துணி அவ்விதிகளின் கீழ் கொண்டுவரப்பட்டது.

1962 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு அழகுப் பொருட்களும் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் பெயரும் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் என மாறியது. குங்குமமும் நெற்றிப்பொட்டும் அழகுப் பொருட்களே. ஆண்டாள் கோயிலை ஒட்டிய ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் குங்குமம் வாங்குபவர்கள் அதை அழகுப் பொருளாக எண்ணுவதில்லை. மங்கலப் பொருளாகவே எண்ணுகின்றனர். சட்டம் பார்ப்பது தோலில் படும் வேதிப்பொருளை மட்டும். மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ சேர்த்துச் செய்யும் குங்குமத்தால் பெரும்பாலும் தீங்கில்லை. நிறத்துக்காகச் செவ்வீயம் சேர்க்கப்பட்டால், அந்த ஈயம் குழந்தைகளின் கைவழி வாய்க்குச் செல்லக்கூடும். ஈயச் சேர்மங்களையும் ஆர்சனிக் சேர்மங்களையும் நிறமூட்டப் பயன்படுத்துவது அழகுப் பொருட்களில் தடை செய்யப்பட்டுள்ளது. நிறமிகளில் தற்செயலாகக் கலந்திருக்கும் ஈயம் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மிகாதிருக்க வேண்டும். குங்குமத்தூளுக்கான தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வல்லுநர் குழு வகுத்துள்ளது. மருந்து விதிகள் அத்தரத்தைத் தம்முள் ஏற்றன. 2020 ஆம் ஆண்டு முதல் அழகுப் பொருட்களுக்குத் தனி விதிகள் உள்ளன. தாளில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் குங்குமத்தில் தயாரிப்பாளர் பெயரோ தொகுதி எண்ணோ இராது என்பதால், இவ்விதிகள் அங்கே எட்டுவது கடினம்.

ஊரின் புகழ்பெற்ற பால்கோவா இச்சட்டத்தில் வராது. அது உணவு. 1954 ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குரியவை. எனினும் ஒரு மைய ஆய்வகம், ஒரு வல்லுநர் குழு என்னும் ஏற்பாடு அங்கும் காணப்படுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே சதுரகிரி மலை மூலிகைகளுக்கும் சித்தர் மரபுக்கும் பெயர் பெற்றது. 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சித்த மருந்துத் தயாரிப்பும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கெனத் தனி ஆலோசனை வாரியமும் உண்டு. இங்கே ஒரு முரண் காணப்படுகிறது. பாதரசச் சேர்மங்களை முகப்பூச்சில் சேர்ப்பது குற்றம். முறைப்படி சுத்தி செய்து முடித்த பாதரச, பாடாண மருந்துகளோ எச்சரிக்கைக் குறிப்புடன், மருத்துவர் மேற்பார்வையில் வழங்கத்தக்கவை எனத் தனிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. இரண்டு வாரியங்கள், இரண்டு அறிவு மரபுகள், ஒரே தனிமம். 1948 ஆம் ஆண்டில் சோப்ரா குழு தீர்க்க முயன்று தீராமல் விட்ட கேள்வி இப்பட்டியலில் இன்னும் உள்ளது.

இத்தனை ஏற்பாடுகளையும் மீறிய விபத்துகள் நிகழ்ந்துள்ளன. 1986 ஆம் ஆண்டில் பம்பாய் அரசு மருத்துவமனை ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். 2025 ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தை உட்கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் இறந்தனர். 1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உயிர்களைப் பறித்த அதே வேதிப்பொருளே இங்கும் காரணம். அம்மருந்தின் மாதிரியில் நஞ்சு கலந்திருப்பதைத் தமிழ்நாடு அரசின் மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. அதற்குள் மருந்து வேறு மாநிலத்துக் கடைகளில் விற்றுப்போயிருந்தது.